நவாப்புக்கு வெல்லம்

ஊசி எப்படிப் போடுவது என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் ஒழுங்காகப் படித்தவர்கள் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். வார்டு கூட்டப் போனவன், கூட்டும்போதே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். எனக்குத் தெரிந்த சங்கதி ஒன்றே ஒன்றுதான். காசநோய்க்காரர் முதல் ஊசிக்கு வருவது பெரிய காரியமில்லை. பயம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். அவர் நூறாவது ஊசிக்கும் வர வேண்டும். அதுதான் நம் வேலை.

அறுபதுகளில் நாங்கள் கொடுத்த வைத்தியம் ஒரு வருஷம் நீளும். வாரத்தில் இரண்டு நாள் ஊசி, கூடவே மாத்திரை. இரண்டே மாசத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், கன்னத்தில் சதை பிடிக்கும். அத்தோடு ஆளும் நின்றுவிடுவார். "இருமல் போச்சுங்க, வியாதி பஸ் ஏறிடுச்சு" என்று ஒருத்தர் என்னிடம் சொன்னார். அதை அப்படியே எங்கள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்தம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றாமலே, "பஸ் ஏறலைய்யா. ஸ்டாண்டுல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருக்கு. நீ அந்தாண்ட திரும்பினதும் எழுந்து வரும்" என்றார். பாதியில் நிறுத்தினால் வியாதி திரும்பி வரும். வரும்போது பழைய மருந்துக்கு மசியாது.

சிதம்பரத்துக்கு வருவதற்கு முன்னால், கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்தேன். அங்கே நடந்த என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் நம்பர் படுக்கையில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஆள் ஒருத்தர். எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். நாலு நாளைக்கு ஒரு தரம் சுவரேறிக் குதித்து ஊருக்குப் போய்விடுவார். ஏனென்று கேட்டால், அந்த எருமை அவர் கை பட்டால்தான் பால் இறக்குமாம். அவர் பெண்சாதி அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் மாதிரியே செருமிப் பார்த்தாளாம். எருமை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியை உதைத்ததாம். வார்டு முழுக்கச் சிரித்தோம்.

மூன்றாம் தடவை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். எனக்கு அப்போது இளரத்தம். நாலு பேர் பார்க்க, "எருமை முக்கியமா, உசுரு முக்கியமா?" என்று கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "எருமைக்கு நான் முக்கியம் தம்பி. ஒங்களுக்கு நான் பதினொண்ணாம் நம்பரு."

இழுத்துக்கொண்டு வந்து படுக்கையில் போட்டேன். மறுவாரம் மறுபடி குதித்தார். அப்புறம் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அந்த ஊர்க்காரர் ஒருத்தர் வந்தபோது விசாரித்தேன். போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். எருமையை நான் எதிரிக் கட்சியில் வைத்துவிட்டேன், அதுதான் தப்பு. அது எங்கள் கட்சியில் இருந்திருக்க வேண்டியது. இதைச் சொல்லும்போது சிரிப்பு வராது, அதனால்தான் முதலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். இனிமேல் குதிரைக் கதை.

சிதம்பரத்தில் நான் வந்து சேர்ந்தது சின்ன தரும கிளினிக். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போகிற பாதையில் ஒரு பழைய ஓட்டு வீடு. வாசலில் 'காசநோய் மருத்துவ நிலையம்' என்று போர்டு. எழுதியவர் பெயிண்ட் மிச்சமாயிற்றே என்று எழுத்தைப் பெரிசு பெரிசாக எழுதிவிட்டார். எதிர்ச்சாரியில் காபிக் கடை. அங்கே உட்கார்ந்து பார்த்தால், கேட்டுக்குள் போகிற ஒவ்வொரு தலையும் தெரியும். அதனால் எங்கள் நோயாளிகள் பாதிப் பேர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அந்தக் காலத்தில் இந்த வியாதி என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், கடையில் டம்ளர் கொடுக்க மாட்டார்கள்.

மஸ்தான் பாய்க்கு அதைவிடக் கஷ்டம். அவர் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுகிறவர். வண்டிக்காரருக்கு டி.பி. என்று தெரிந்தால் அவர் பக்கத்தில் யார் ஏறி உட்காருவார்கள்? முதல் நாள் வந்தபோதே டாக்டரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "உசுரு போனாலும் பரவால்ல தாயீ, ஸ்டாண்டுக்குத் தெரியக் கூடாது."

"தெரியாது. ஆனா சளி சுத்தமாகற வரைக்கும் நீங்க சவாரி ஏத்தக் கூடாது" என்றார் டாக்டரம்மா. கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஸ்டாண்டில் முதுகுவலி என்று சொல்லிவிட்டு, இரண்டு மாசம் அவருடைய மச்சான் வண்டி ஓட்டினார். திங்கள், வியாழன் ஊசி நாள். அந்த இரண்டு நாளும் மச்சான் ஓட்ட, பாய் பின்னால் தனியாகப் படுதாவுக்குள் உட்கார்ந்து வருவார்.

குதிரையின் பேர் நவாப். பேரைக் கேட்டு ஏமாறாதீர்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். நடை மட்டும் நவாப் நடைதான், யாருக்காகவும் அவசரப்படாது. பாய் அதைப் பற்றித்தான் பேசுவார். தன்னைப் பற்றிக் கேட்டால்கூட பதில் குதிரையைப் பற்றித்தான் வரும்.

"காலையில சாப்பிட்டீங்களா பாய்?" என்று கேட்பார் டாக்டரம்மா.

"ரெண்டு படி கொள்ளு சாப்பிட்டான் தாயீ. தண்ணிதான் கொஞ்சம் கம்மி."

"நான் உங்களக் கேட்டேன்."

"எனக்கென்னாங்க, இருக்கறதக் குடிப்பேன்."

டாக்டரம்மா யோசித்துவிட்டு, "சரி. நாளையிலேருந்து நவாப்புக்குக் கொள்ளு வேகவைக்கிறப்ப அந்தத் தண்ணியில ஒரு சொம்பு எடுத்து உப்புப் போட்டு நீங்க குடிக்கணும். அவன் சாப்பிட்டதும் நீங்க சாப்பிடணும். அவனைத் தேய்ச்சு விடறப்ப மாத்திரை போட்டுக்கணும். அவனுக்கு ஓய்வு குடுக்கிற நேரம் நீங்களும் படுக்கணும்" என்றார். மாத்திரையை மறந்த மனுஷர் குதிரையைத் தேய்த்து விட ஒரு நாளும் மறந்ததில்லை. ஆறு வாரத்தில் மூன்று கிலோ ஏறினார். மூன்று வேளை மாத்திரை எழுதுவதற்குப் பதிலாக ஒரு குதிரையை எழுதிய டாக்டரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இனி வருவது என் பங்கு. எங்கள் கேட் குறுகல். நவாப் அதற்குக் குறுக்காக நிற்கும். நான் வெளியே போக வர, அது என் சட்டைத் தோளைக் கவ்வும். இரண்டு சட்டை போயிற்று. எனக்குக் குதிரையென்றால் பயம். அதனால் ஒரு நாள் வழிவிடச் சொல்லி ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். அன்றைக்கு வழி விட்டது. மறுமுறையும் கொடுத்தேன். லஞ்சம்தான், வேறொன்றுமில்லை. இப்படி இரண்டு மாசம்.

இரண்டு மாசம் கழித்து சளியில் கிருமி இல்லையென்று வந்தது. டாக்டரம்மா சவாரி ஏற்ற அனுமதி கொடுத்தார். ஊசியும் மாத்திரையும் இன்னும் பத்து மாசம் உண்டு என்று மூன்று தடவை சொன்னார். பாய் மூன்று தடவையும் தலையாட்டினார். அடுத்த திங்கட்கிழமை ஆளைக் காணோம். வியாழனும் காணோம்.

ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"நல்லாயிடுச்சு சார். பாருங்க, இருமலே இல்ல."

"பாய், டாக்டரம்மா சொன்னாங்களே..."

"மெதுவாப் பேசுங்க! இங்க வராதீங்க சார், கும்புட்டுக் கேக்கறேன். ஒங்கள எல்லாத்துக்கும் தெரியும். ஒங்களோட பேசினாலே எனக்கு அந்த வியாதின்னு கட்டிடுவானுங்க."

சொன்னது நிஜம். அடுத்த வண்டிக்காரர் அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் கத்திய கத்தல் ஞாபகத்துக்கு வந்தது. மறுபடி கத்த எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நவாப்புக்கு இந்த விவரமெல்லாம் தெரியாதல்லவா? மறுநாள் பத்து மணிக்கு ஒரு ஜட்கா, உள்ளே ஒரு அம்மாளும் இரண்டு டிரங்குப் பெட்டியும். ஊருக்குள் போக வேண்டிய வண்டி எங்கள் கேட்டுக்கு நேராகத் திரும்பி நின்றது. நவாப் மடிந்த காதையும் நிமிர்த்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. பாய் "ஹை, ஹை" என்று கடிவாளத்தைச் சொடுக்குகிறார். அது அசைந்தால்தானே? நான் ஓடிப்போய் வெல்லத்தைக் கொடுத்தேன். நகர்ந்தது. பிற்பகல் ஒரு சவாரி. மறுபடி நின்றது. குதிரைக்குத் திங்களும் தெரியாது, வியாழனும் தெரியாது. எங்கள் வாசலைக் கடக்கிற போதெல்லாம் நிற்கும்.

வேறு பாதையில் சுற்றிப் போய்ப் பார்த்தார். ஏறியவர்கள், "என்னாய்யா, சிதம்பரத்துக்குப் போகச் சொன்னா சீர்காழிக்குப் போறியா?" என்று சத்தம் போட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை, சவாரியை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், வெறும் வண்டியோடு கேட்டில் நின்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"நான் வரலீங்க. நவாப் கொண்டாந்துட்டான்."

"ஆமா பாய். அவன்தான்" என்றேன். கையை நீட்டினார். போட்டேன்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவர் வரவே மாட்டார். குதிரைதான் கொண்டுவரும். கார்டில் அவர் பேருக்கு நேரே டிக் விழுந்துகொண்டே வந்தது. நான் ரொம்பக் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. நினைப்பு வந்தால் அடி கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

தை மாசம், கல்யாண நாள். காலை ரயிலில் கடலூரிலிருந்து மாப்பிள்ளை வந்து இறங்கினார். கீழவீதியில் பெண் வீடு. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஏறியது நவாப் வண்டியில். பட்டு வேட்டி, சரிகைத் துண்டு, கழுத்தில் ஸ்டேஷனில் போட்ட ரோஜா மாலை. வண்டி எங்கள் போர்டுக்கு நேர் கீழே வந்து நின்றது.

நான் உள்ளே ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உடனே போகவில்லை. அது என் தப்பு. எதிரே காபிக் கடையில் பெண்ணின் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்துப் போக வந்தவர், வழியில் ஒரு காபி. அவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. இருபது வருஷமாகக் கேஸ் கட்டைப் பார்த்துப் பார்த்து, எதைப் பார்த்தாலும் கேஸாகவே தெரிகிற ஆள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து வந்தார்.

"மாப்ள, இங்க என்னா வேலை?"

"வேலையா? ஒண்ணுமில்லீங்க. குதிரை நிக்குது."

"குதிரைக்கா டி.பி.?"

மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். "அய்யய்யோ! ஏம்ப்பா வண்டிக்காரரே, ஓட்டுப்பா! முகூர்த்தத்துக்கு நேரமாவுது!"

பாய் கடிவாளத்தை இழுக்கிறார், நாக்கால் சொடுக்குகிறார், உருதுவில் கெஞ்சுகிறார். நவாப் கழுத்தை நீட்டி கேட்டுக்கு மேலே தலையை வைத்துக்கொண்டது.

"பழகாத வாசல்ல குதிரை நிக்காது" என்றார் குமாஸ்தா. "இது பழகின வாசல். ஆரு பழக்கினது? இந்த வண்டியில ஆரோ இங்க வாரா வாரம் வந்திருக்காங்க."

"நான் சிதம்பரத்துக்கே ரெண்டாவது தடவைதாங்க வரேன்!" என்று மாப்பிள்ளை அலறினார். "மொத தடவ பொண்ணு பாக்க வந்தேன், நீங்கதானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க!"

"பொண்ணு பாக்க மட்டும்தான் வந்தீங்களா?"

பயத்தில் மாப்பிள்ளைக்குத் தொண்டை உலர்ந்து, அந்த நேரம் பார்த்து ஒரு இருமல் வந்தது. சுற்றி நின்ற கூட்டம் மொத்தமாக ஒரு அடி பின்னால் போயிற்று. அவர் அம்மா அழ ஆரம்பித்தாள். "கூப்புடுங்க டாக்டர! இங்கயே சோதிச்சிடலாம். சோதிக்காம எங்க பொண்ணு மணையில ஏறாது!" என்று குமாஸ்தா காபி டம்ளரை ஆட்டினார்.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது, மஸ்தான் பாய் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஸ்டாண்டு ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள். அவர்களை ஒரு முறை பார்த்தார், மாப்பிள்ளையை ஒரு முறை பார்த்தார்.

"அய்யா, அந்தப் புள்ள மேல குத்தமில்லீங்க" என்றார். "வியாதி..."

அடுத்த வார்த்தை என்னவென்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது வாயிலிருந்து விழுந்துவிட்டால் அவர் பிழைப்பு போயிற்று. பிழைப்புப் போனால் குதிரை போகும், குதிரை போனால் ஊசியும் போகும். விழாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கும். யோசிக்க நேரமில்லை. இந்த மாதிரி இடத்தில் உங்களுக்கும் நேரம் இருக்காது.

"வியாதி எனக்குத்தான்!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் போன கூட்டம் இன்னொரு அடி பின்னால் போனது.

"குதிரையப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காதுங்க. வெல்லம் குடுத்துடுவேன். தினம் குடுப்பேன். அதுக்குத்தான் இது இங்க நிக்குது. வண்டிக்காரர் எத்தன தடவ திட்டியிருக்கார் தெரியுமா? ஏன் பாய், திட்டலியா?"

பாய் வாயைத் திறந்தபடி நின்றார். "திட்டுங்க பாய்" என்றேன்.

"இந்த மனுசனுக்குப் புத்தி இல்லீங்க" என்றார் பாய், மெல்ல. அப்புறம் குரல் ஏறிற்று. "எத்தன தடவ சொன்னேன்! என் குதிரையக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டாரு!" அது நடிப்பில்லை. முழுக்க மனசாரத் திட்டினார். இரண்டு மாசத்துக் கோபம்.

"சாட்சி?" என்றார் குமாஸ்தா.

"குதிரைதான் சாட்சி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து வெல்லத்தை எடுத்துக் காட்டினேன். நவாப் கேட்டிலிருந்து தலையை எடுத்தது. நான் நடுரோட்டுக்குப் போய், குதிரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். நவாப் மாப்பிள்ளையோடும் மாப்பிள்ளை அம்மாவோடும் என் பின்னால் வந்தது. நின்றேன். நின்றது. இடது பக்கம் போனேன். இடது பக்கம் வந்தது. காபிக் கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் கூட்டம் சிரித்தது. கூட்டம் சிரித்ததும் குமாஸ்தாவுக்கு வேறு வழியில்லை. கேஸைத் தள்ளுபடி செய்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார்.

ஆனால் இன்னொரு சிக்கல். வெல்லத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றால், நவாப்புக்கு என் பையில் இன்னொரு துண்டு இருப்பது தெரிந்துவிட்டது. நான் போகிற பக்கம்தான் வருவேன் என்கிறது. "முகூர்த்தம், முகூர்த்தம்" என்று அந்தம்மாள் தவிக்கிறாள். வேறென்ன செய்ய? காக்கி டவுசரும் மருந்து வாசனையுமாக நான் முன்னால் நடந்தேன். மாப்பிள்ளை வண்டி பின்னால் வந்தது. கீழவீதி திரும்பியதும், பெண் வீட்டு வாசலில் காத்திருந்த நாதஸ்வரக்காரர் என்னையும் ஊர்வலத்தில் சேர்த்தி என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பன்னீர் தெளித்தார்கள். நெற்றியில் சந்தனம் வைத்த ஒரு பெரியவர், "தம்பி மாப்பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"குதிரை வழிச் சொந்தங்க" என்றேன். தாராளமாக வாங்க என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது ஊசிக்குப் பதினேழு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா தானே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார்.

"சாப்பாடு எப்படி?"

"வடை நல்லாயிருந்துதுங்க."

"ஜன்னல்லேருந்து பாத்தேன். அந்த மனுஷன் சொல்லிடப் பாத்தாரே, கவனிச்சியா?"

"கவனிச்சேங்க."

"யாரோ ஒரு மாப்பிள்ளைக்காகத் தன் சோத்தையே தூக்கிப் போட இருந்தார். அப்படி ஒரு இடத்துல அவரைக் கொண்டுபோய் நிறுத்தினது உன் வெல்லம்." ஊசியைத் தட்டில் வைத்தார். "இன்னைக்குத் தப்பிச்சோம். அந்தக் குதிரை இனிமே இங்க தனியா நிக்கக் கூடாது."

நிற்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தனியாக நிற்கக் கூடாது என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் ஒரு பெரிய வெல்லக் கட்டியோடு கேட்டில் நின்று, போகிற வருகிற ஜட்கா ஒன்று விடாமல் எல்லாக் குதிரைக்கும் கொடுத்தேன். ஸ்டாண்டு ஆட்களுக்குக் கல்யாணக் கதை தெரியும். "வெல்லப் பைத்தியம் நிக்கிறாரு பாரு" என்று வேண்டுமென்றே நிறுத்திக் கொடுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். பதினைந்தே நாளில் எங்கள் வாசலில் எந்நேரமும் இரண்டு மூன்று வண்டி. ஒரு குதிரை நின்றால் சந்தேகம். ஆறு குதிரை நின்றால் அது ஸ்டாண்டு. குதிரைக்கு வெல்லம் வைக்கிற சாக்கில் யார் உள்ளே போகிறார்கள் என்று காபிக் கடையிலிருந்து கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. தலையில் துண்டு போட்டு வந்த சில பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாணம் அள்ளுகிற வேலை மட்டும் எனக்கு ஜாஸ்தியாயிற்று. மாநிலத்திலேயே ரோஜாச் செடி அப்படிப் பூத்த டி.பி. கிளினிக் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பாய் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊசிக்கு மட்டும் குதிரை கொண்டுவந்தது.

ஒன்பதாம் மாசம் அடுத்த அடி. லாடம் அடித்தபோது ஆணி ஒன்று சதையில் ஏறி, நவாப்புக்குக் குளம்பு பழுத்துவிட்டது. ஒரு மாசம் வண்டியில் பூட்டக் கூடாது என்று மாட்டாஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாக ஸ்டாண்டு ஆள் வந்து சொன்னார். இருமல் நின்ற பிறகு அவர் ஒரு நாள்கூடத் தானாக வந்ததில்லை. குதிரையை நம்பி ஒன்பது மாசம் ஓட்டியாயிற்று. இன்னும் மூன்று மாசம். இந்த இடத்தில் நின்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

"நான் போய்க் கூட்டிக்கிட்டு வரட்டுமாங்க?" என்றேன்.

"எருமைக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரியா?" என்றார் டாக்டரம்மா. அந்தக் கதையை அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். "திங்கக்கிழமை பாப்போம்."

திங்கட்கிழமை பன்னிரண்டு வரைக்கும் வரவில்லை. பெஞ்சு காலியாகிவிட்டது. நான் ஊசித் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். அப்போது கேட்டில் ஒரு ஆள். முழங்கால் வரைக்கும் புழுதி, சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மஸ்தான் பாய். அவர் வீடு வண்டிகேட்டுக்கும் அந்தாண்ட, இரண்டு மைலுக்குக் குறையாது. உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சார், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இந்த மாசம் பூரா என்னால ஊசிக்கு வர முடியாதுங்க. நவாப்புக்குக் கால் சரியில்ல."

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து டாக்டரம்மா என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினார், இன்னும் வலிக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

"அப்படியா பாய்" என்றேன் மெல்ல. "பாவம். புண்ணு பெருசா?"

"இத்தாம் பெருசு." விரலால் காட்டினார். "படுத்தே கெடக்கறான். கொள்ளுகூடப் பாதிதான். நான் வரணும்னா அவன் வரணும்ல."

"அது சரிதான். வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வந்து உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். குளம்புக்கு என்ன களிம்பு போடுகிறார் என்று கேட்டேன். சொன்னார். கேட்டுக்கொண்டே மறுபடி தட்டை எடுத்து வைத்தேன். பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டினார். போட்டேன். பேச்சை நிறுத்தாமல் எழுந்து, "வரேன் சார். இந்த மாசம் எதிர்பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

வியாழக்கிழமை மறுபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னும் ஆறலீங்க. ஒரு எட்டு சொல்லிட்டுப் போலாம்னு."

"நல்லதாப் போச்சு பாய். நாங்களும் கவலப்பட்டுக்கிட்டிருந்தோம். உக்காருங்க."

அடுத்த திங்கள் சீழ் நின்றுவிட்டது என்று சொல்ல வந்தார். வியாழன் நவாப் எழுந்து நின்றான் என்று சொல்ல வந்தார். வர முடியாது என்று சொல்வதற்காக மட்டும் அந்த ஒரு மாசத்தில் எட்டுத் தடவை, ஒவ்வொரு தடவையும் போக இரண்டு மைல், வர இரண்டு மைல், உச்சி வெயிலில் நடந்து வந்தார். வருஷம் முடிந்து படம் எடுத்தபோது நெஞ்சு சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அந்த எட்டு ஊசியும் நான்தான் போட்டேன். ஒரு தடவைகூட, "அதான் வந்துட்டீங்களே பாய்" என்று நான் சொல்லவில்லை.